டிபிஎஸ் செய்த பிறகு பிரஷர் என்ன ஆகும்? பார்க்கின்சன் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரில் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள் நான். பார்க்கின்சன் மருந்துச் சீட்டோடு வருபவர்களில் நம் ஆட்களும் நிறைய. மூளைக்குள் கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் டிபிஎஸ் பற்றிப் பேச்சு வந்தால், "நடுக்கம் நிற்குமா?" என்பது முதல் கேள்வி. "பிரஷர் இருக்கிறதே, செய்யலாமா? செய்தால் பிரஷர் என்ன ஆகும்?" என்பது அடுத்தது. அதைச் சுற்றி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் எல்லாருக்கும் பொதுவானவை. உங்கள் வீட்டில் இருப்பவரின் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அவருடைய டாக்டரின் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல.

டிபிஎஸ் என்றால் என்னதான் செய்கிறார்கள்?

மண்டையோட்டில் சிறிய துளை போட்டு, மெல்லிய மின்கம்பியை மூளையின் ஆழத்தில் இறக்குகிறார்கள். பெரும்பாலும் இரண்டு பக்கமும். கம்பியின் மறுமுனை காதுக்குப் பின்புறமாகத் தோலுக்கு அடியில் கழுத்து வழியே இறங்கி, காறை எலும்புக்குக் கீழே பதித்திருக்கும் பேட்டரியில் சேரும். அங்கிருந்து நொடிக்கு 130 தடவை என்ற கணக்கில் சின்னச் சின்ன மின்துடிப்புகள் போய்க்கொண்டே இருக்கும்.

பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிடின் குழு 1987இல் நடுக்கத்துக்காக இதைத் தொடங்கியது. 1990களில் சப்தாலமிக் நியூக்ளியஸ் என்ற இடத்துக்குக் கம்பியை மாற்றிய பிறகுதான் விறைப்பு, மந்தம் எல்லாவற்றுக்கும் பலன் தெரிந்தது. 2002இல் அமெரிக்காவில் மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ இதை முற்றிய பார்க்கின்சனுக்கு அனுமதித்தது. இங்கே மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் உள்ளிட்ட சில இடங்களில் செய்கிறார்கள். நோயை வேரோடு எடுக்கும் சிகிச்சை இது இல்லை. மடோபார் (லெவோடோபா அடங்கிய பார்க்கின்சன் மாத்திரை) வேலை செய்யும் நேரத்தில் உடம்பு எப்படி இருக்கிறதோ, அந்த நிலையை நாள் முழுக்க நீட்டித்துத் தருவதுதான் இதன் வேலை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். பிரஷர் ஏறுமா, இறங்குமா?

பெரும்பாலானவர்களுக்கு மின்தூண்டலால் மட்டும் பெரிய மாற்றம் எதுவும் வராது. ஏற்கெனவே பிரஷர் நோய் உள்ளவருக்கு டிபிஎஸ் செய்ததால் அது போய்விடாது. இல்லாதவருக்குப் புதிதாக வந்துவிடுவதும் வழக்கமில்லை.

ஆனால் டிபிஎஸ் செய்த சில மாதங்களில் பிரஷர் எண்கள் மாறுவதைப் பல குடும்பங்கள் பார்க்கின்றன. கம்பியைச் சந்தேகிப்பதற்கு முன்னால் மருந்துப் பையைத் திறந்து பாருங்கள் என்பேன். பார்க்கின்சன் மாத்திரை குறைந்திருக்கும். பழைய பிரஷர் மாத்திரை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வந்த ஏதோ ஒன்று இரண்டுக்கும் நடுவில் புகுந்திருக்கும். கூடவே, அந்த எண் உட்கார்ந்து எடுத்ததா, நின்று எடுத்ததா என்று பார்க்க வேண்டும். இந்த நோயில் நின்று எடுக்காத பிரஷர் பாதிக் கணக்குதான்.

பார்க்கின்சன் கை நடுக்கும் நோய்தானே? பிரஷருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கை நடுக்கம் வெளியே தெரிவது. உள்ளே, நாம் நினைக்காமலே இயங்கும் தானியங்கி நரம்புகளையும் இந்த நோய் அரிக்கிறது. மூளைச் செல்களில் படியும் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற அதே புரதம் இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் போகும் சிம்பதட்டிக் நரம்புகளிலும் படிகிறது. மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், அளவுக்கு மீறிய வியர்வை எல்லாம் வருவதும் இதே தானியங்கி நரம்புக் கோளாறால்தான். பலருக்கு நடுக்கம் தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கல் வந்திருக்கும்.

நாம் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் அதை உடனே கண்டு, மூளைத்தண்டுக்குச் சொல்லி, சிம்பதட்டிக் நரம்பு வழியே ரத்தக்குழாய்களை இறுக்கச் செய்கின்றன. நாடியும் கொஞ்சம் வேகமாகும். எல்லாம் சில நொடிகளில் முடியும். நமக்குத் தெரியவே தெரியாது. பார்க்கின்சன்காரருக்கு உணரி நன்றாக இருந்தாலும் கட்டளையைக் கொண்டு போகும் நரம்பின் முனையில், குழாயை இறுக்கச் சொல்லும் ரசாயனமான நார்எபிநெஃப்ரின் போதவில்லை. குழாய் இறுகாது. ரத்தம் கீழேயே தங்கும். தலைக்கு வருவது குறையும்.

நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதை நிலைமாற்றக் குறையழுத்தம் என்கிறார்கள். பார்க்கின்சன் நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு இது இருக்கிறது. மலேசியப் பெரியவர்களில் பிரஷர் நோய் உள்ளவர்களும் கிட்டத்தட்ட அதே விகிதம். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கலாம், பலரிடம் இருக்கவும் செய்கிறது. அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

கிளினிக்கில் அப்பாவுக்கு 160 காட்டுகிறது. வீட்டில் எழுந்தால் சாய்கிறார். எது உண்மை?

இரண்டும் உண்மை. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) வரிசையில் காத்திருந்து, நாற்காலியில் உட்கார வைத்து, ஒரே ஒரு தடவை அளக்கிறார்கள். கூட்டம் அப்படி, நர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. உட்கார்ந்தால் 160 இருக்கும் ஒருவருக்குப் படுத்தால் 175, நின்றால் 105 ஆக இருக்கலாம். கட்டுப்பாட்டு நரம்பு பழுதானால் பிரஷர் இரண்டு பக்கமும் அவிழ்ந்துகொள்கிறது: நின்றால் விழும், படுத்தால் ஏறும்.

உட்கார்ந்த எண்ணை மட்டும் பார்த்து அம்லோடிபைன் என்ற பிரஷர் மாத்திரையைக் கூட்டினால், அல்லது ஹைட்ரோகுளோரோதையசைட் போன்ற சிறுநீர் மாத்திரையைச் சேர்த்தால், நாற்காலியில் எண் அழகாக வரும். அவர் குளியலறையில் விழுவார். இடுப்பு எலும்பு உடைந்தால் டிபிஎஸ் கொடுத்த நடையெல்லாம் போயிற்று.

அதனால் உங்கள் பக்கத்து வேலை ஒன்று இருக்கிறது. படுத்த எண், நின்ற எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். "அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது டாக்டர்" என்று வாயால் சொல்வதைவிட அந்தத் தாள் சீக்கிரம் வேலை செய்யும்.

வீட்டில் எப்படி அளப்பது?

மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின் போதும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஐந்து நிமிடம் மல்லாந்து படுக்க வையுங்கள். அளந்து, நாடியோடு சேர்த்து எழுதுங்கள். எழுந்து நிற்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் பிடித்துக்கொள்ளும் தூரத்தில் இருங்கள். 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. நிற்கும்போது கை தொங்கக் கூடாது. மார்பு உயரத்துக்குத் தாங்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் தப்பாக ஏறும்.

நேரத்தையும் எழுதுங்கள். காலையில் எழுந்தவுடன், மடோபார் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரவு படுக்கும்போது என்று நான்கு வேளை, சில நாட்களுக்கு. ஒரே ஆளின் எண்கள் ஒரே நாளில் இவ்வளவு ஆடுமா என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

நாடியை ஏன் எழுதச் சொல்கிறேன்? பிரஷர் 40 விழும்போது நாடி குறைந்தது 20 ஆவது கூட வேண்டும். 5, 6 மட்டும் கூடுகிறது என்றால் நரம்புதான் பழுது என்று டாக்டர் ஊகிப்பார். நன்றாக ஏறினால் தண்ணீர்ச்சத்துக் குறைவு, ரத்தசோகை போன்ற வேறு காரணங்களைத் தேடுவார். நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கும் பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

கை நடுங்கிக்கொண்டிருந்தால் மெஷின் திணறும், பிழை காட்டும், சில சமயம் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். நடுக்கம் குறைந்த கையில் கட்டுங்கள். டிபிஎஸ் ஓடிக்கொண்டிருப்பது பிரஷர் மெஷினைக் கெடுக்காது. பிரஷர் மெஷினும் டிபிஎஸ்ஸைக் கெடுக்காது. இசிஜி எடுக்கும்போதுதான் மின்துடிப்பு கோடுகளில் கலந்து வரும். அங்கே "டிபிஎஸ் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தலை சுற்றினால்தானே பிரஷர் விழுகிறது என்று அர்த்தம்?

இல்லை, பலருக்குத் தலை சுற்றுவதே இல்லை. பிடரியிலும் இரண்டு தோளிலும் வலி, நின்றால் வந்து படுத்தால் போவது, முக்கியமான அடையாளம். அதைச் சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கண் மங்குவது, கால் துவள்வது, சாப்பிட்டதும் பேச்சு குழறி அசந்து போவது, நிற்கும்போது மட்டும் புத்தி மந்தமாவது, இவையும் இருக்கலாம்.

இன்னொன்று, விழுந்த அளவைவிட நின்ற எண் எங்கே வந்து நிற்கிறது என்பது முக்கியம். 170இலிருந்து 140க்கு விழுந்தவர் சும்மா நடந்து போவார். 120இலிருந்து 85க்கு விழுந்தவர் சுவரைப் பிடிப்பார்.

மின்தூண்டலே பிரஷரைச் சரிசெய்கிறது என்று படித்தேனே?

படித்தது பொய்யில்லை. 2006இல் வந்த ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், சப்தாலமிக் நியூக்ளியஸில் கம்பி வைத்தவர்களைச் சாய்மேசையில் நிமிர்த்திப் பார்த்தார்கள். தூண்டல் நின்றிருந்தபோது பிரஷர் விழுந்தது. ஓடும்போது விழாமல் நின்றது. அழுத்த உணரியின் அனிச்சைச் செயலும் கூர்மையானது. செய்தியாக வரத் தகுந்த முடிவு.

அடுத்த ஆண்டே, அதே நாட்டிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. அதில் தூண்டலால் பிரஷரில் குறிப்பிடும்படி மாற்றமே இல்லை. லெவோடோபாதான் நிற்கும்போது ஈடுகட்டும் சக்தியைக் குறைத்தது. இரண்டிலும் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். கம்பி நுனி ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலும் கதை மாறும். தவிர, முன்பே நரம்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. தந்தி அறுந்த வீணையை எவ்வளவு திறமையாக மீட்டினாலும் அந்தத் தந்தியிலிருந்து ஒலி வராது. இதயத்துக்குப் போகும் நரம்பே பட்டுப்போனவருக்கு மூளைக்குள் கொடுக்கும் தூண்டலும் அப்படித்தான்.

என் கருத்து: பிரஷர் சரியாகும் என்று எதிர்பார்த்து யாரும் டிபிஎஸ்ஸுக்குப் போக வேண்டாம். சரியானால் அதைக் கூடுதல் வரவாக வைத்துக்கொள்ளலாம்.

மூளைக்குள் எந்த இடத்தைத் தொட்டாலும் பிரஷர் மாறாதா?

மாறும் இடங்கள் உண்டு. மூளைத்தண்டில் பெரிஅக்வடக்டல் கிரே என்றொரு பகுதி. ஆக்ஸ்ஃபோர்டில் வலிக்காக அங்கே கம்பி வைத்தவர்களிடம் 2005இல் கண்டது, மேல்பக்கத்தைத் தூண்டினால் பிரஷர் ஏறுகிறது, கீழ்ப்பக்கத்தைத் தூண்டினால் இறங்குகிறது. 2011இல், பக்கவாதத்துக்குப் பிந்தைய வலிக்காக அங்கே கம்பி பெற்ற ஒருவருக்கு, எந்த மருந்துக்கும் அடங்காதிருந்த பிரஷர் இறங்கிய செய்தியும் மருத்துவ இதழில் வந்தது. பார்க்கின்சனுக்குக் கம்பி வைக்கும் இடம் இதுவல்ல. இணையத்தில் "மூளைக் கருவியால் பிரஷர் குணம்" என்று யாராவது அனுப்பினால் பெரும்பாலும் இந்தக் கதையாகத்தான் இருக்கும்.

அறுவைச் சிகிச்சை அன்று பிரஷரைப் பற்றி ஏன் அவ்வளவு கவலைப்படுகிறார்கள்?

மூளைக்குள் ஊசி போன்ற ஒன்று இறங்கும்போது பிரஷர் உயரத்தில் இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். நூற்றில் ஓரிருவருக்குத்தான் அறிகுறி தரும் அளவுக்குக் கசியும், ஆனால் கசிந்தால் விளைவு பக்கவாதம். அதனால் மேல் அளவை 140ஐ ஒட்டி, அதற்குக் கீழே வைத்திருக்கப் பல மருத்துவக் குழுக்கள் பார்க்கின்றன.

சூழ்நிலையோ பிரஷர் ஏறுவதற்கென்றே அமைந்தது. முதல் நாள் இரவே பார்க்கின்சன் மருந்தை நிறுத்துவார்கள், அப்போதுதான் தூண்டலின் பலன் தெரியும். உடம்பு விறைக்கும். தலையில் இரும்புச் சட்டம். பலருக்குப் பாதி நேரம் விழிப்பிலேயே செய்வார்கள். மல்லாந்து மணிக்கணக்கில் படுக்கை, பயம், முட்டிக்கொண்டு நிற்கும் சிறுநீர். சிரை வழியே மருந்து கொடுத்து இறக்குவார்கள். முழு மயக்கத்தில் செய்யும் மையங்களும் இருக்கின்றன.

வழக்கமான பிரஷர் மாத்திரையை அன்று காலை சாப்பிடுவதா வேண்டாமா என்பதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை, ஜிங்கோ, "இது சும்மா சத்து மாத்திரைதான்" என்று வாங்கி வைத்திருப்பவை அனைத்தையும் சொல்லுங்கள். கவுண்டரில் என்னிடம் ஒளிப்பதைப் போல அங்கே ஒளிக்காதீர்கள்.

அறுவை முடிந்து மாத்திரை குறைத்தார்கள். அதன் பிறகு பிரஷர் ஏறியது. கம்பி காரணமா?

மாத்திரை குறைந்ததுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். லெவோடோபாவும், பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற டோபமின் அகோனிஸ்டுகளும் (மூளையின் டோபமின் என்ற ரசாயனத்தைப் போல வேலை செய்யும் மாத்திரைகள்) பிரஷரை இறக்கும் தன்மை உள்ளவை. செலிஜிலினும் நிற்கும்போது விழச் செய்யும். சப்தாலமிக் நியூக்ளியஸில் கம்பி வைத்த பிறகு பார்க்கின்சன் மருந்தின் அளவை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைக்க முடிகிறது. இறக்கிப் பிடித்திருந்த கை விலகினால் பிரஷர் தன் உயரத்துக்கு வரும். விழுந்து விழுந்து எழுந்தவருக்கு இது நல்ல செய்தி. ஏற்கெனவே பிரஷர் நோய் உள்ளவருக்கு, முன்பு போதுமானதாக இருந்த மாத்திரை இப்போது போதாமல் போகலாம்.

நேர்மாறாகவும் நடக்கும். விறைப்பும் ஆட்டமும் வலியும் சேர்ந்து ஏற்றி வைத்திருந்த பிரஷர், உடம்பு தளர்ந்ததும் இறங்கும். அப்போது பழைய அளவு பிரஷர் மாத்திரை அதிகமாகிவிடும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைவிட, டிபிஎஸ்ஸுக்குப் பிறகு முதல் ஆறு மாதத்தில் பிரஷர் மாத்திரையை யாராவது திரும்பிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நரம்பு டாக்டர் ஒரு மருத்துவமனை, பிரஷர் மாத்திரை கொடுப்பது வீட்டுப் பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) கிளினிக். இருவரும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் சீட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது நீங்கள்தான்.

குளோபஸ் பாலிடஸ் என்ற இடத்தில் கம்பி வைத்திருந்தால் மருந்து அவ்வளவு குறையாது. எங்கே வைத்தார்கள் என்பது உங்களிடம் இருக்கும் அட்டையில் இல்லையென்றால் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடை இன்னொரு காரணம். டிபிஎஸ்ஸுக்குப் பிறகு சில கிலோ போடுவது சகஜம்; கட்டுப்பாடில்லாத ஆட்டம் நின்றதால் உடம்பு எரிக்கும் சக்தி குறைகிறது என்பது ஒரு விளக்கம். எலும்பும் தோலுமாக இருந்தவர் தேறினால் சந்தோஷம். தொப்பையோடு போனவர் இன்னும் தொப்பை போட்டால் பிரஷரும் கூடவே வரும்.

புரோகிராமிங் (கருவியின் மின்சார அளவைச் சரிசெய்வது) செய்யும்போது திடீரென்று வியர்த்து, படபடத்தது. ஆபத்தா?

சப்தாலமிக் நியூக்ளியஸ் மிகச் சிறியது, அதன் அக்கம்பக்கம் ஹைப்போதலாமஸும் தானியங்கி நரம்புப் பாதைகளும் இருக்கின்றன. மின்சாரத்தைக் கூட்டும்போது வெளியே கசிந்தால் வியர்வை, முகம் சிவப்பது, நாடி வேகம், பிரஷர் கொஞ்சம் ஏறுவது எல்லாம் வரலாம். அளவைக் குறைத்தால் அல்லது வேறு முனைக்கு மாற்றினால் போய்விடும். அந்த இடத்திலேயே சொல்லுங்கள். "டாக்டர் பிசியாக இருக்கிறார்" என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொல்லாதீர்கள்.

நின்றால் பிரஷர் ரொம்ப விழுகிறவருக்கு டிபிஎஸ் செய்யமாட்டார்களா?

விழுவது மட்டுமே தடை இல்லை. ஆனால் அது எப்போது ஆரம்பித்தது என்று துருவுவார்கள். நோய் தொடங்கிய ஓரிரு வருடத்திலேயே கடுமையாக விழுகிறது, சிறுநீர் அடைப்பு அல்லது கசிவு, மடோபாருக்குச் சரியான பலன் இல்லை என்றால், அது பார்க்கின்சனைப் போலத் தோன்றும் மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபியாக இருக்கலாம். அதற்கு டிபிஎஸ் பலன் தராது. அதனால்தான் லெவோடோபா சோதனை செய்து, மருந்துக்கு உடம்பு எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து பார்க்கிறார்கள். தள்ளிப்போட்டால் டாக்டர்மீது கோபப்படாதீர்கள்.

தலைசுற்றலுக்கு கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிடலாமா?

பெயரைப் படித்துவிட்டுச் சாப்பிடுங்கள். புரோகுளோர்பெரசின், ஸ்டெமெடில் என்ற பெயரில் இருக்கும், பார்க்கின்சனில் ஏற்கெனவே குறைந்துபோன டோபமினைத் தடுக்கும் மருந்து. மெட்டோகுளோபிரமைடும் அப்படியே. சின்னரிசின், ஃபுளுனரிசின் இரண்டும் வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற விறைப்பையே உண்டாக்கக்கூடியவை. இவற்றைச் சாப்பிட்டுவிட்டு "டிபிஎஸ் வேலை செய்யவில்லை" என்று வருபவர்களுக்குக் கம்பியில் ஒரு குறையும் இருக்காது. நின்றால் வரும் தலைசுற்றலுக்கு இந்த மாத்திரைகளால் பயனும் கிடையாது.

புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் பிரசோசின், டெரசோசின், ஓரளவு டாம்சுலோசின், ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில், தூக்கத்துக்கான அமிட்ரிப்டிலின் இவையும் நிற்கும்போது பிரஷரை இறக்கும். சில்டெனாஃபிலை மட்டும் யாரும் சீட்டில் காட்டுவதில்லை.

சாப்பாட்டில் என்ன மாற்ற வேண்டும்?

நம் ஊரில் வியர்வைக்குப் பஞ்சமில்லை, தண்ணீர் குடிக்கும் பழக்கத்துக்குத்தான் பஞ்சம். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டுமே என்று பெரியவர்கள் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். பிரஷர் விழுவதற்கு அதுவே போதும். இதயத்திலும் சிறுநீரகத்திலும் கோளாறில்லை என்றால் நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தேவை. காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன் அரை லிட்டர் வெறும் தண்ணீரைச் சில நிமிடங்களில் குடித்துவிட்டால், சிறிது நேரத்தில் பிரஷர் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரம் போலத் தாங்கும். காசில்லாத மருந்து. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள் மட்டும் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வாழையிலைச் சாப்பாடு அபாயமான இடம். ஒரு மலை சோறு, ரசம், பாயசம். அதன் மேல் கடைக்குள் புழுக்கம். குடலுக்கு ரத்தம் திரும்பிப் போய், சாப்பிட்டு எழுந்தவுடன் பிரஷர் சரியும். அடுத்த இரண்டு மணி நேரமும் அப்படித்தான் இருக்கும். சோற்றைக் குறைத்து வேளையைக் கூட்டுங்கள். சாப்பிட்டதும் உடனே எழுந்து கை கழுவ ஓட வேண்டாம், கொஞ்சம் உட்காரட்டும். சாப்பாட்டோடு காப்பியோ தேயோ குடிப்பது சிலருக்கு உதவும், சர்க்கரையைக் குறைத்து. பீர், கள், சம்சு எதுவானாலும் குழாய்களை விரிக்கும்.

உப்பு? இங்கேதான் எச்சரிக்கை. நின்றால் விழுகிறவருக்கு உப்பைக் கூட்டச் சொல்வார்கள். ஆனால் பிரஷர் நோய், சிறுநீரக நோய், இதயப் பலவீனம் உள்ளவர் தானாகக் கூட்டக் கூடாது. நெத்திலிச் சம்பலும் கருவாடும் ஊறுகாயும் சாப்பிடும் வீட்டில் பெரும்பாலும் உப்பு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

இரவில் மட்டும் 180 காட்டுகிறது. மாத்திரை கொடுக்கலாமா?

முதலில் தட்டையாகப் படுக்க விடாதீர்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை அல்லது செங்கல் வைத்து உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், உடம்பு சாயாது. சாய்ந்து படுத்தால் இரவு பிரஷர் குறையும், அடிக்கடி சிறுநீர் போவதும் குறையும். படுத்தால் ஏறும் பிரஷரே சிறுநீரகத்தைத் தூண்டி உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது, அதனால்தான் காலையில் விழுவது அவ்வளவு மோசமாக இருக்கிறது. அப்படியும் இறங்காவிட்டால், குறைந்த நேரமே வேலை செய்யும் மாத்திரையைப் படுக்கும் வேளைக்கு டாக்டர் தரலாம். நள்ளிரவில் பாத்ரூம் போகும்போது அது காலை வாரும் என்பதால் கட்டில் பக்கத்தில் சிறுநீர்ப் பாத்திரம் வையுங்கள்.

பிரஷரை ஏற்றிப் பிடிக்க ஃபுளுட்ரோகார்ட்டிசோன், மிடோட்ரின் போன்றவை இருக்கின்றன. மிடோட்ரினின் கடைசி மாத்திரைக்கும் படுக்கைக்கும் நடுவில் குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். ஃபுளுட்ரோகார்ட்டிசோன் கால் வீக்கத்தையும் பொட்டாசியக் குறைவையும் கொண்டுவரும். ரத்தம் கீழே தங்காமல் இருக்க வயிற்றில் கட்டும் பெல்ட், இறுக்கமான கால் உறையைவிட நம் வெயிலுக்குத் தோது.

பேட்டரி தீர்ந்தால் பிரஷர் என்ன ஆகும்?

சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி பொதுவாக 3 முதல் 5 வருடம் வரும். பல வருடம் டிபிஎஸ்ஸில் வாழ்ந்தவருக்கு அது திடீரென்று நின்றால் சாதாரண விஷயம் இல்லை. உடம்பு கட்டையாக விறைத்து, காய்ச்சல் ஏறி, பிரஷரும் நாடியும் தாறுமாறாகப் போய், உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். கருவி நின்றுவிட்டது என்று தெரிந்தால் அடுத்த அப்பாயிண்ட்மென்ட் வரை பார்க்கக் கூடாது, உடனே கூட்டிப் போங்கள். சார்ஜ் செய்யும் வகை என்றால் அந்த வேலையை வீட்டில் ஒருவர் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும்.

பிசியோதெரபியில் வலிக்கு வைக்கும், உள்ளே சூடேற்றும் ஷார்ட்வேவ் டையதெர்மி டிபிஎஸ் வைத்தவருக்கு அறவே கூடாது. பிரஷருக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறலாமா?

கேட்காத ஆளே இல்லை. நடுக்கம் குறைந்ததும் நேர்த்திக்கடன் நினைவுக்கு வந்துவிடும். பத்துமலையில் 272 படி, பினாங்குத் தண்ணீர்மலையில் 500க்கு மேல். நன்றாக நடப்பவர், நின்ற பிரஷர் தாங்குகிறவர், டாக்டரிடம் கேட்டுவிட்டு ஏறலாம். ஏறும்போது கால் தசை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். ஏறி முடித்து வரிசையில் அசையாமல் நிற்கும்போதுதான் கண் இருட்டும். அந்த நேரத்தில் காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது உதவும். அப்படியும் இருட்டினால் வெட்கப்படாமல் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். விழுந்து கும்பிடுகிறவர்கள் எழும்போது முட்டி போட்டு ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழுங்கள்.

விரதத்தில் ஒரு வேளைச் சாப்பாடு என்றாலும் தண்ணீரையும் மடோபார் வேளையையும் விடக் கூடாது. கூட்டம் குறைந்த, வெயில் ஏறாத அதிகாலையில் போங்கள்; முடிந்தால் தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சாதாரண நாளில்.

தோளில் தாங்கும் காவடி வேண்டாம், சட்டம் காறை எலும்புக்குக் கீழே உள்ள பேட்டரியையும் கழுத்து வயரையும் அழுத்தும். பால்குடத்தைத் தலையில் வைக்காமல் கையில் ஏந்திப் போகலாம். மொட்டை போடுவதென்றால் அறுவை டாக்டரைக் கேட்டுவிட்டு, சவரக்கத்தி இல்லாமல் மெஷினால் ஒட்ட வெட்டச் சொல்லுங்கள். தலைத்தோலில் கம்பி வந்து சேரும் இடங்கள் மேடாக இருக்கும். அங்கே பிளேடு கீறிக் கிருமி புகுந்தால் கருவியையே வெளியே எடுக்க வேண்டி வரும்.